அறியாமையும் குற்றமின்மையும்: '18வது அட்சக்கோடு' நாவலில் விடலைப் பருவமும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

சிறுவன் ஒருவன் இளைஞனாகும் இடைக்காலத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் உலக மொழிகள் பலவற்றிலும் உள்ளன. செருமானிய மொழியில் கதே எழுதிய 'வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சிக் காலம்' (1795-96) இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. அந்நாவலில் இளைஞன் பல பிழைகளைச் செய்து, அவற்றின் வழியே கற்று, முடிவில் சமூகத்தில் தனக்குரிய இடத்தை அடைகிறான். இருபதாம் நூற்றாண்டில் இப்போக்கு மாறியது. ஜே. டி. சாலிஞ்சரின் 'த கேட்சர் இன் த ரை' (1951) நாவலின் ஹோல்டன் கால்ஃபீல்ட் தன்னைச் சூழ்ந்த பெரியோர் உலகம் போலியானது என்று கண்டு விலகி நிற்கிறான். சமூகத்தில் இடம்பெறுதல் என்ற முடிவு போய், சமூகத்திலிருந்து அந்நியமாதல் என்பது இவ்வகை நாவலின் மையமாயிற்று.

தமிழில் இவ்வகைக்குரிய படைப்புகளுள் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) தனி இடம் பெறுகிறது. இந்நாவலில் வரும் விடலைப் பருவத்து அந்நியமாதலும் 'களங்கமின்மை'யின் இழப்பும் மேற்கத்திய மாதிரியிலிருந்து அடிப்படையில் வேறுபடுகின்றன என்பதும், அவ்வேறுபாடு நாவலின் மொழியமைப்பிலேயே பதிந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. அம்மொழியமைப்பைப் பிற மொழிகளுக்குக் கொண்டு செல்லும்போது எழும் சிக்கல்களும் இங்குச் சுட்டப்படுகின்றன.

2. கலைச்சொல் பற்றிய சிக்கல்

இவ்வகை நாவல்களைப் பேசும் ஆங்கிலத் திறனாய்வில் 'இன்னசன்ஸ்' என்ற சொல் அடிக்கடி ஆளப்படுகிறது. அச்சொல் இரு பொருள்களைத் தன்னுள் அடக்கியது. ஒன்று, உலகின் தீமையை அறியாத நிலை. மற்றொன்று, குற்றம் புரியாத நிலை. ஆங்கில வாசகர் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் கேட்பதால் அறிவு வந்தவுடன் குற்றமும் வந்துவிடுகிறது என்ற எண்ணம் அவருக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆதாம் ஏவாள் கதையின் நிழல் இச்சொல்லின்மீது படிந்திருக்கிறது எனலாம்.

தமிழில் இவ்விரு பொருள்களும் பிரிந்தே நிற்கின்றன. 'பேதைமை', 'அறியாமை', இன்றைய வழக்கில் 'வெகுளித்தனம்' ஆகியன முதற்பொருளைத் தருவன. 'குற்றமின்மை', 'மாசின்மை' ஆகியன இரண்டாம் பொருளைத் தருவன. 'வெகுளி' என்பது பழந்தமிழில் சினத்தைக் குறித்தது என்பதையும் இங்கு நினைவுகொள்ள வேண்டும். திருக்குறளின் 'வெகுளாமை' அதிகாரம் அப்பொருளில் அமைந்ததே. 'பேதை' என்பதோ பெண்களின் ஏழு பருவங்களுள் முதலாவதற்கும் பெயராயிற்று. ஆணின் இளமையைக் குறிக்கும் 'விடலை' பழைய இலக்கியத்தில் பாலைத் திணைத் தலைவனின் பெயர். இன்று அது பதின்பருவத்தானைக் குறிப்பதோடு சற்றே இகழ்ச்சிப் பொருளையும் ஏற்றுள்ளது.

இப்பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. '18வது அட்சக்கோடு' நாவலின் இறுதிப் பகுதி இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள வெளியில்தான் நிகழ்கிறது என்பது பின்னர் விளக்கப்படும்.

3. நாவலின் களம்

அசோகமித்திரன் (ஜ. தியாகராஜன், 1931-2017) செகந்திராபாதில் பிறந்து, தந்தை மறைந்தபின் 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். நாவலின் நாயகன் சந்திரசேகரன் செகந்திராபாதில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். லான்சர் பாரக்ஸ் குடியிருப்பு, கிரிக்கெட், கல்லூரி, அண்டை வீட்டாரோடு நட்பும் பூசலும் என்று அவன் உலகம் அமைகிறது. அதே காலத்தில் ஐதராபாத் சமஸ்தானத்தின் வரலாறு அவன் வாசற்படிவரை வந்து நிற்கிறது. 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றபோது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் இந்திய ஒன்றியத்தில் இணையவில்லை. 1947 நவம்பரில் இடைக்கால நிலைநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காசிம் ரஸ்வி தலைமையில் ரஜாக்கர்களின் செல்வாக்குப் பெருகியது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை சமஸ்தானத்தினுள் நுழைந்தது. ஐந்தே நாள்களில் நிஜாமின் படை பணிந்தது.

அதனைத் தொடர்ந்து முஸ்லிம்கள்மீது நிகழ்ந்த வன்முறையை ஆராயப் பண்டித சுந்தர்லால் தலைமையில் அனுப்பப்பட்ட குழு, இறந்தோர் தொகையை 27,000 முதல் 40,000 வரை என மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் பொதுப் பார்வைக்கு வரவில்லை. 1977இல் வெளிவந்த ஒரு தமிழ் நாவல் அவ்வன்முறையின் ஒரு கணத்தைப் பதிவுசெய்திருப்பது இலக்கியத்திற்கும் ஆவணத்திற்கும் உள்ள உறவைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

ஐதராபாத் சமஸ்தானம் தெலுங்கு நாடு மட்டும் அன்று. பீதர், குல்பர்கா, ராய்ச்சூர் ஆகிய கன்னட மாவட்டங்களும் மராத்வாடாவும் அதனுள் அடங்கியிருந்தன. 1956இல் மாநிலச் சீரமைப்பின்போது அக்கன்னட மாவட்டங்கள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தன. 'ஐதராபாத் கர்நாடகம்' என வழங்கிய அப்பகுதி 2019இல் 'கல்யாண கர்நாடகம்' எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆதலால் பெங்களூரில் இருந்து இந்நாவலைப் பயில்வோருக்கு இது அயல்நாட்டு வரலாறு ஆகாது.

4. நான்கு மொழிகளுக்கிடையே ஒரு சிறுவன்

சந்திரசேகரனின் அந்நியமாதல் முதலில் மொழிவழிப்பட்டது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதுவும், கல்லூரியில் ஆங்கிலம் என்று அவன் நாள் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு மொழியிலும் அவனுக்குப் பழக்கம் உண்டு. எம்மொழியினரும் அவனைத் தம்மவனாக முழுமையாக ஏற்பதில்லை. ஹோல்டன் கால்ஃபீல்டுக்கு வாய்த்தது ஒரே மொழி. அவன் வெறுப்பது அம்மொழி போலியாக ஆளப்படுவதை. சந்திரசேகரனின் சிக்கல் வேறு. உண்மையாகப் பேசுவதற்கு எந்த மொழியில் தொடங்குவது என்பதே அவனுக்குத் தெளிவில்லை.

சமூகவியல் நோக்கில் பார்த்தால் அவன் மொழியால் சிறுபான்மையினன். நிஜாம் ஆட்சியில் அதிகாரத்துக்கு வெளியே நிற்பவன். சமயத்தாலோ, எல்லைக்கு அப்பால் உருவாகிவரும் புதிய தேசத்தின் பெரும்பான்மையினன். 1948 செப்டம்பரின் ஐந்து நாள்களில் அவனுடைய இந்த இரண்டாம் அடையாளம் முதலாவதை விழுங்கிவிடுகிறது. அவன் எதுவும் செய்யாமலே வென்றவர் பக்கத்தில் நிறுத்தப்படுகிறான்.

இந்நிலையைப் பெங்களூர்த் தமிழ் வாசகர் எளிதில் உணர்வர். வீட்டில் தமிழும் கடைவீதியில் கன்னடமும் விளையாட்டுத் திடலில் தக்கினி உருதுவும் கல்லூரியில் ஆங்கிலமுமாக வளரும் பதின்பருவத்தினர் இந்நகரில் இன்றும் உள்ளனர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை தொடர்பாக 1991 டிசம்பரில் இந்நகரில் நிகழ்ந்த வன்முறையின்போது, பேசும் மொழியைக் கொண்டே ஒருவர் பகையாக அடையாளம் காணப்படும் அச்சத்தை இங்குள்ள தமிழர் அறிந்தனர். ஆனால் நாவல் அந்த அச்சத்தை மட்டும் காட்டி நின்றுவிடவில்லை. அஞ்சியவனே பிறரால் அஞ்சப்படுபவனாக மாறுவதையும் அது காட்டுகிறது. தம் துயரை இந்நாவலில் தேடி வரும் வாசகருக்கு இப்பகுதி எளிதாக இராது.

5. தன்மையும் படர்க்கையும்

நாவலின் எடுத்துரைப்பு ஓரிடத்தில் நிலைகொள்வதில்லை. 'நான்' என்று சந்திரசேகரனே சொல்லும் பகுதிகளும், அவனைப் படர்க்கையில் வைத்துச் சொல்லும் பகுதிகளும் இதில் உள்ளன. இது விளையாட்டாகச் செய்யப்பட்ட உத்தி அன்று. தன்னைத் தானாக உணர்வதற்கும், தன்னைப் பிறர் கண்ணால் பார்ப்பதற்கும் இடையே அலைவது விடலைப் பருவத்தின் இயல்பு. அவ்வலைவு இங்கு இலக்கண வடிவம் பெறுகிறது.

தமிழின் வினையமைப்பு இதற்குத் துணைசெய்கிறது. எடுத்துக்காட்டாகக் கட்டுரையாளர் அமைத்த ஒரு தொடரைக் காண்க: 'கதவைத் திறந்து, படியிறங்கி, தெருமுனைவரை நடந்து, திரும்பிப் பார்த்…' இதுவரை வாசிப்பவருக்கு எழுவாய் தன்மையா படர்க்கையா என்பது தெரியாது. வினையெச்சங்கள் இடம் காட்டுவதில்லை. முற்றுவினையின் ஈறான '-ஏன்' அல்லது '-ஆன்' வந்தபின்பே அது தெளிவாகும். தோன்றா எழுவாய்த் தொடர்கள் தமிழில் இயல்பாதலால் 'நான்', 'அவன்' என்ற சொற்கள் இன்றியே பத்திகள் நகரலாம். ஆகவே ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் மாற்றம் தமிழ் வாசகருக்கு அதிர்ச்சியின்றி, சற்றுத் தாமதமாகவே உறைக்கிறது.

மொழிபெயர்ப்பில் இது மொழிக்கு மொழி வேறுபடும். கன்னடமும் தெலுங்கும் முற்றுவினையில் இடம் காட்டுவன. ஆதலின் தமிழின் தாமதத்தை அவை ஏறத்தாழ அப்படியே காக்கவல்லன. மலையாள முற்றுவினை இடம் காட்டுவதில்லை. அங்கு மாற்றுப்பெயரை வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும், அன்றேல் தமிழில் இல்லாத அளவுக்கு மயக்கம் நேரும். இந்தியில் இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றாவினை எழுவாயோடு இயைவதில்லை. மாற்றுப்பெயரே இடத்தைக் காட்டவேண்டும். ஆங்கிலத்தில் தொடரின் தொடக்கத்திலேயே இடத்தை அறிவித்துவிட வேண்டியிருப்பதால் மாற்றம் திடுமென நிகழ்வதாகத் தோன்றும். மூலத்தில் மெல்லிய அலைவாக இருப்பது அங்கு நவீனத்துவ உத்தியாக மிகைபடக்கூடும்.

'தான்' என்னும் தற்சுட்டுப் பெயரும் இவ்வாறே. 'தான் ஓடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது' என்ற தொடரில் எடுத்துரைப்பவர் படர்க்கையில் நின்றபடியே பாத்திரத்தின் உள்ளத்தினுள் நுழைந்துவிடுகிறார். 'தான்' என்பது 'நான்' என்பதற்கும் 'அவன்' என்பதற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. ஆங்கிலம் இவ்விடத்தில் 'அவன்' என்ற ஒரே சொல்லோடு நிறைவடைய வேண்டியுள்ளது. இந்நாவலில் அந்த இடைநிலையே பொருளாதலின் இவ்விழப்பைச் சிறிதென்று கொள்ள இயலாது.

6. இறுதிக் காட்சி

இராணுவ நடவடிக்கைக்குப் பின் நகரில் கலவரம். தஞ்சம் தேடி ஓடும் சந்திரசேகரன் சுவர் ஒன்றைத் தாண்டி ஒரு வீட்டினுள் புகுகிறான். அவ்வீட்டில் இருப்பது அஞ்சி ஒடுங்கிய வறிய முஸ்லிம் குடும்பம். தம்மைத் தாக்கவே அவன் வந்தான் என்று அவர்கள் கொள்கின்றனர். குடும்பத்தாரை விட்டுவிடுமாறு வேண்டி, ஓர் இளம்பெண் தன்னையே அவனுக்குக் கொடுக்க முன்வந்து ஆடை களைகிறாள். அவன் அவ்விடத்தினின்றும் ஓடுகிறான். நாவல் அந்த ஓட்டத்தோடு முடிகிறது.

இக்காட்சியைப் 'பாலியல் விழிப்பு' என்றோ 'மனிதநேயத்தின் எழுச்சி' என்றோ விளக்குவது எளிது. இரண்டும் போதா. பருவ வளர்ச்சி நாவலில் பெண்ணுடலை முதன்முதலாகக் காணும் காட்சி வழக்கமாக அறிவின் வாயில். இங்கு அவ்வாயில் வன்முறையின் வடிவில் திறக்கிறது. அவன் அப்பெண்ணை அறியவில்லை. அவள் கண்ணில் தான் யார் என்பதை அறிகிறான்.

முன்னர்ச் சுட்டிய சொற்பிரிவு இங்குப் பயன்படுகிறது. சந்திரசேகரன் குற்றமற்றவன், அவன் எவரையும் தாக்க வரவில்லை. ஆனால் இனி அவன் அறியாதவன் அல்லன். ஆங்கிலச் சொல்லின் ஒருமை இங்கு உடைகிறது: அறியாமை போனபின்னும் குற்றமின்மை இருக்கிறது, ஆயினும் அது அவனுக்கு எவ்வகையிலும் ஆறுதல் ஆகவில்லை. 'நான் செய்யவில்லை' என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு; அதைக் கேட்கும் நிலையில் அவ்வீட்டில் எவரும் இல்லை. எந்த மொழியில் அதைச் சொல்வது என்ற பழைய சிக்கலும் மீண்டும் வருகிறது. தெருவில் விளையாடக் கற்ற உருதுமொழியே அவ்வீட்டாரின் மொழி. அம்மொழி அவனுக்குத் தெரிந்திருந்தும் அந்தக் கணத்தில் அது உதவவில்லை.

ஹோல்டன் உலகைக் குற்றம் சாட்டி விலகுகிறான். அக்குற்றச்சாட்டில் அவனுக்கு ஓர் உயர்வு இருக்கிறது. சந்திரசேகரனுக்கு அவ்வுயர்வு இல்லை. அவன் அந்நியனாவது தன்னிடமிருந்தே. இந்நாவலின் அறவலிமை இதில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அப்பெண்ணின் துயரம் இளைஞனின் அறிவுக்குக் கருவியாக்கப்படுகிறதே என்று கேட்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. அவளுக்கு நாவலில் வேறு வாழ்க்கை இல்லை. அவள் வருவது அந்த ஒரு கணத்திற்காகவே. எனினும் ஆசிரியர் அவனுக்கு மன்னிப்பையோ, அவளைக் காத்த பெருமையையோ வழங்கவில்லை என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அவன் ஓடியபின் அவ்வீடு என்னவாயிற்று என்பது வாசகரிடமே விடப்படுகிறது.

7. ஒப்பு நோக்கு

இந்நாவல் வெளிவந்த 1977ஆம் ஆண்டிலேயே கிரீஷ் காசரவள்ளி இயக்கிய 'கடசிராத்த' என்னும் கன்னடத் திரைப்படமும் வெளிவந்தது. யு. ஆர். அனந்தமூர்த்தியின் கதையைத் தழுவிய அது, வேதம் பயில அக்கிரகாரத்துக்கு வரும் நாணி என்ற சிறுவனின் பார்வையில் அமைந்தது. இளம் விதவையான யமுனை கருவுற்றதால் உயிரோடிருக்கும்போதே இறந்தவளாகச் சடங்கு செய்து விலக்கப்படுகிறாள். சிறுவன் அழைத்துச் செல்லப்படுகிறான். மொட்டையடிக்கப்பட்ட அவள் மரத்தடியில் தனித்து அமர்ந்திருக்கிறாள். இரு படைப்புகளிலும் சிறுவன் ஒரு பெண்ணின் அழிவுக்குச் சாட்சி. ஆனால் நாணி அவள் பக்கத்தில் நின்றவன். சந்திரசேகரனோ அவள் அச்சத்துக்கே காரணமானவன்.

ஆர். கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' (1935) வேறொரு எல்லையைக் காட்டுகிறது. மால்குடி என்னும் ஊர் தம் கற்பனையில் முதலில் தோன்றியது பெங்களூரில் இருந்தபோதே என்று நாராயண் பதிவுசெய்துள்ளார். அங்கு இழப்பு என்பது நண்பன் ராஜம் ரயிலேறிப் போவது. வரலாறு மால்குடிக்கு வருகிறது. பள்ளிக் கண்ணாடிகள் உடைகின்றன. ஆயினும் அது சிறுவனின் மனத்தை உடைப்பதில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) ஆடு மேய்க்கும் சிறுவனின் கதை. சாதி அவனுக்குப் பிறப்பிலேயே தெரிந்த ஒன்று. இழப்பதற்கு அறியாமை என ஒன்று எல்லாச் சிறுவர்க்கும் ஒரே அளவில் வழங்கப்படுவதில்லை என்பதை அந்நாவல் உணர்த்துகிறது.

8. மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ள வேண்டியவை

'18வது அட்சக்கோடு' நாவலைக் கோமதி நாராயணன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார் (1993). தலைப்பே முதல் சிக்கல். தமிழில் 'அட்சக்கோடு' என்பது புவியியல் பாடநூலின் சொல். வகுப்பறையில் வரைபடத்தின்முன் நிற்கும் மாணவனின் குரல் அதில் கேட்கிறது. ஐதராபாதும் செகந்திராபாதும் அக்கோட்டின் அருகே அமைந்தவை என்ற உலர்ந்த செய்திக்கு அப்பால் தலைப்பு எதையும் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் 'பேரலல்' என்ற சொல்லோ கொரியாவைப் பிரித்த 38ஆம் கோட்டையும், 1954இல் வியட்நாமைப் பிரித்த 17ஆம் கோட்டையும் உடனே நினைவூட்டும். பிரிவினை என்ற பொருள் மொழிபெயர்ப்பில் கூடுகிறது. பள்ளிச் சிறுவனின் குரல் குறைகிறது. இது பிழை அன்று. மொழி தானே செய்துகொள்ளும் பண்டமாற்று.

இரண்டாவது, உரையாடல். நாவலின் பாத்திரங்கள் பல மொழிகளில் பேசுகின்றனர். ஆயின் வாசகர் படிப்பது பெரும்பாலும் தமிழையே. அதாவது மூலநூலே ஓரளவு மொழிபெயர்ப்பு நூல். இதனை உருதுவிலோ தெலுங்கிலோ பெயர்க்கும்போது சில உரையாடல்கள் தம் வீடு திரும்புகின்றன. தமிழ் வீட்டுப் பேச்சு அயலாகிறது. மொழிபெயர்ப்பாளர் எந்த உரையாடல் எந்த மொழியில் நிகழ்ந்தது என்று முதலில் ஒரு பட்டியல் வகுத்துக்கொள்வது நலம். 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டையும் உருதுவின் மரியாதை வடிவங்களையும் எங்கே பொருத்துவது என்பது அப்பட்டியலைச் சார்ந்தே முடிவாகும்.

மூன்றாவது, நடை. அசோகமித்திரனின் தொடர்கள் சிறியவை, அடைமொழி குறைந்தவை, உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்லாதவை. இறுதிக் காட்சியில் இச்சிக்கனத்தைக் 'குறை' எனக் கருதி, திகில், அருவருப்பு, குற்றவுணர்வு முதலிய சொற்களைக் கூட்டி நிரப்பும் விருப்பம் எழக்கூடும். அவ்வாறு நிரப்பினால் இளைஞன் தன் நிலையை அறிந்து பெயரிட்டுவிட்டதாக ஆகும். அவன் அதற்குப் பெயர் தேடும் நிலையில் இல்லை என்பதே மூலத்தின் பொருள்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், '18வது அட்சக்கோடு' பருவ வளர்ச்சி நாவலின் மரபைப் பின்பற்றியும் அதனின்று விலகியும் செல்வது புலனாகும். அந்நியமாதல் இதில் தனிமனிதனின் மனநிலையாக மட்டும் நில்லாமல், மொழிகளுக்கும் சமயங்களுக்கும் இடையே ஒருவன் வைக்கப்படும் இடமாக அமைகிறது. களங்கமின்மையின் இழப்பு, தீமையைக் காண்பதால் நேராமல், தன்னைத் தீமையாகக் காணும் கண்களைச் சந்திப்பதால் நேர்கிறது. தன்மை-படர்க்கை மாற்றம், 'தான்' என்ற சொல்லின் ஆட்சி, உணர்ச்சிச் சொற்களைத் தவிர்த்தல் ஆகிய மொழிக்கூறுகள் இப்பொருளைத் தாங்குகின்றன. 'அறியாமை', 'குற்றமின்மை' எனத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்துள்ளதை ஒரே சொல்லால் பெயர்க்க நேரும்போது, எந்தப் பகுதி கைநழுவியது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். கன்னட, தெலுங்கு, உருது மொழிகளின் பருவ வளர்ச்சி நாவல்களோடு இந்நாவலை மொழியியல் நோக்கில் விரிவாக ஒப்பிடுவது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.